சிக்னல் போனாலும் கணக்கு விடுபடக் கூடாது: கைப்பட்டைக்குத் துணை நிற்கும் சர்வர் ஸ்கிரிப்ட்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நாடித்துடிப்பும் நடையும் அளக்கும் சாதாரணக் கைப்பட்டை ஒன்றைக் கட்டியிருக்கும் 65 வயதுக்காரர் ஒருவர் மாலை 6.10-க்குப் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொற்றாமரைக் குளம், அம்மன் சன்னதி, சுவாமி சன்னதி, ஆடி வீதியில் ஒரு சுற்று என்று வெளியே வரும்போது மணி 7.40. சென்னையில் இருக்கும் மகன் தன் திரையில் பார்ப்பது வேறு. அப்பாவின் நாடிக்கோடு 6.10-க்கு அறுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பட்டை பழுதாகவில்லை. அது தன்பாட்டுக்கு அளந்துகொண்டுதான் இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த 90 நிமிடக் கணக்கு பிறகாவது முழுசாக, ஒரு தடவை மட்டும், சரியான நேரத்தின் கீழ் வந்து சேருமா? வராத அந்த நேரத்தில் எந்தக் கட்டம் வரைக்கும் பொறுத்திருக்கலாம், எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டையும் பட்டையால் தீர்க்க முடியாது. பட்டைக்குப் பின்னால், எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியில் ஓடும் சின்ன நிரல்தான் தீர்க்க வேண்டும். அதைத்தான் சர்வர் பக்க ஸ்கிரிப்ட் என்கிறோம்.

மொய் எழுதும் மேஜை

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பேர், தொகை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டதால் ரசீதும் கையில் கிடைக்கிறது. வர முடியாதவர் அடுத்த வாரம் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், பணம் இன்றைக்கு வந்தாலும் அந்த விசேஷத்தின் நோட்டில்தான் ஏறும். அனுப்பியவருக்குச் சந்தேகம் வந்து,

“அண்ணே, நம்ம பேரு ஏறிருச்சான்னு பாருங்க, இல்லாட்டி இப்பக் கட்டிர்றேன்.”

“ஏறிருச்சுப்பா. 212-ஆவது வரி. ரெண்டாவது தடவ எழுத வேணாம்.”

இந்த இரண்டு வரிப் பேச்சில் சர்வர் ஸ்கிரிப்ட்டின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. வந்ததை எழுது. ஏற்கெனவே எழுதியிருந்தால் மறுபடி எழுதாதே. எழுதி முடித்த பிறகு ரசீது கொடு. தாமதமாக வந்தாலும் எந்த நாளுக்கு உரியதோ அந்த நாளில் சேர். மீதிப் பாதி மொய் மேஜையில் இல்லாதது: வர வேண்டிய ஆள் வரவில்லையே என்று கவனிப்பது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஸ்கிரிப்ட்டைப் பிஎச்பியில் எழுதலாம், பைத்தானில் எழுதலாம், நோட் ஜேஎஸ்ஸில் எழுதலாம். மொழியைப் பற்றிச் சண்டை போட இதில் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்கிரிப்ட், கோரிக்கை வரும்போது மட்டும் ஓடும். பதிவுகளை வாங்கி டேட்டாபேஸில் எழுதும். இன்னொன்று, கிரான் என்னும் நேர அட்டவணைக் கருவி எழுப்பிவிட 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். இரண்டும் சேர்ந்து 200 வரியைத் தாண்டாது. கடினம் வரிகளின் எண்ணிக்கையில் இல்லை, எந்த வரி எதற்கு முன்னால் என்பதில் இருக்கிறது.

எங்கே அறுகிறது

பட்டையிலிருந்து போனுக்குப் புளூடூத். போனிலிருந்து சர்வருக்கு மொபைல் டேட்டா. இரண்டு கண்ணி, இரண்டுக்கும் தனித்தனி நோய்.

முதல் கண்ணியில், கோயில் வாசல் போல போனும் பட்டையும் பிரிவது கண்ணுக்குத் தெரிகிற காரணம். தெரியாத காரணம் உடம்பு. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நீர் நிறைந்த மனித உடல் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். பட்டை இடது கையில், போன் வலது பின்பாக்கெட்டில் என்றால் திறந்த வெளியில்கூட இணைப்பு விட்டுவிட்டு வரும். இதைவிடப் பெரிய தொல்லை போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6.0-இல் டோஸ் என்னும் தூக்க முறை வந்தது. திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் பின்னணியில் ஓடும் ஆப்களை அது உறங்க வைத்துவிடும். சில போன் கம்பெனிகள் அதற்கும் மேலே போய், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆப்பையே கொன்றுவிடுகின்றன. “ராத்திரி முழுக்க டேட்டா வரல” என்ற புகாரைக் கேட்டால் டவரைத் திட்டுவதற்கு முன், போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கண்ணியில் மலையும் கூட்டமும். சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் டவர் தெரியும், அடுத்த வளைவில் பாறை மறைத்துவிடும். இப்படி வந்து வந்து போகும் சிக்னல், சிக்னலே இல்லாததைவிட மோசம். இல்லாவிட்டால் போன் சும்மா இருக்கும். வந்து போனால் அனுப்பத் தொடங்கி, பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காலை இன்னொரு விதம். கோரிப்பாளையத்தில் நின்றால் சிக்னல் கோடு நாலும் முழுசாகத் தெரியும், ஆனால் ஒரு செய்தி போகாது. டவர் இருக்கிறது, லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துத் தொங்குகின்றன. ஆகவே சிக்னல் கோட்டை வைத்து ‘இணைப்பு உண்டு’ என்று ஆப் முடிவு செய்யக் கூடாது. சர்வர் கொடுக்கும் ரசீது ஒன்றுதான் சாட்சி.

பட்டை செய்ய வேண்டியது மூன்றே வேலை

எண் போடு, வைத்துக்கொள், ரசீது வரும்வரை அழிக்காதே. இவ்வளவுதான் பட்டையிடம் கேட்க வேண்டும். சின்னப் பேட்டரியும் சின்ன மூளையும் உள்ள சாதனத்தின்மேல் இதற்கு மேல் சுமை ஏற்றினால் இரண்டு நாளில் சார்ஜ் இறங்கும்.

நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிசை எண்ணுக்கு 4 பைட், நேரத்துக்கு 4, நாடிக்கு 1, அந்த நிமிட நடைக்கு 1, பேட்டரி அளவுக்கு 1, பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணுக்கு 1. மொத்தம் 12 பைட். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், அதாவது 17,280 பைட். பட்டையில் 512 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம் இருந்தால் 30 நாள் கணக்கு அடங்கும். ஒரு மாதம் போனையே பார்க்காமல் இருந்தாலும் ஒரு நிமிடம்கூட விடுபடத் தேவையில்லை. நினைவகம் நிரம்பினால் எதை அழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பெரும்பாலும் மிகப் பழையதை அழிப்பதே சரி.

புளூடூத் லோ எனர்ஜியில் ஒரு பொட்டலத்துக்கு இயல்பாக 20 பைட்தான் கிடைக்கும். அப்படியே விட்டால் பொட்டலத்துக்கு ஒரே ஒரு பதிவு. ஒரு நாள் கணக்கை அனுப்ப 1,440 பொட்டலம். போனும் பட்டையும் பேசி அளவை 244 பைட்டுக்கு உயர்த்திக்கொண்டால் ஒரு பொட்டலத்தில் 20 பதிவு. 72 பொட்டலத்தில் நாள் முடிந்தது. கோயிலில் கழிந்த 90 நிமிடத்துக்கு 5 பொட்டலம் போதும். வாசலில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிச் செருப்பு மாட்டுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை.

ரசீது தொலைந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அந்த 90 பதிவுகளுக்கு எண் 41,210 முதல் 41,299 வரை. போன் அவற்றை ஒரே கட்டாக சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் வாங்கி எழுதிவிட்டது. “பெற்றேன்” என்ற பதில் திரும்பி வரும் வழியில், அவர் ஏறிய பஸ் சிம்மக்கல் நெரிசலில் மாட்டிச் சிக்னல் அறுகிறது. சர்வரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. போனைப் பொறுத்தவரை தோல்வி. போன் மறுபடி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாவிட்டால், உண்மையிலேயே தொலைந்த கட்டு ஒன்று நிரந்தரமாகத் தொலைந்துவிடும்.

சர்வர் ஸ்கிரிப்ட் யோசிக்காமல் எழுதப்பட்டிருந்தால் இப்போது 180 வரி இருக்கும். கோயிலுக்குள் எடுத்து வைத்தது 3,200 காலடி என்றால் திரையில் 6,400. அப்பா நன்றாக நடக்கிறார் என்று மகனுக்கு வீண் மகிழ்ச்சி.

இதைத் தடுக்கப் பலரும் முதலில் எழுதுவது, “இந்தப் பதிவு இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் சேர்” என்ற இரண்டு படி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் அவசரத்தில் ஒரே கட்டை ஒரு நொடி இடைவெளியில் இரண்டு தடவை அனுப்பினால், சர்வரில் அந்த ஸ்கிரிப்ட் இரண்டு பிரதியாக ஒரே நேரத்தில் ஓடும். இரண்டும் தேடும், இரண்டுக்கும் “இல்லை” என்றே விடை வரும், இரண்டும் சேர்க்கும். மேஜையில் இரண்டு பேர் இரண்டு நோட்டு வைத்து மொய் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான். ஆகவே தடுக்கும் பொறுப்பை ஸ்கிரிப்ட்டிடம் விடாமல் டேட்டாபேஸிடம் கொடுங்கள். பட்டை அடையாளமும் வரிசை எண்ணும் சேர்ந்த ஜோடி ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது என்று அட்டவணையிலேயே யுனிக் கட்டுப்பாடு வைத்துவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ‘இன்செர்ட் இக்னோர்’, எஸ்க்யூலைட்டில் ‘இன்செர்ட் ஆர் இக்னோர்’, போஸ்ட்கிரெஸில் ‘ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்’. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: இருந்தால் சண்டை போடாதே, பேசாமல் தாண்டிப் போ. அப்போது போன் பத்து தடவை அனுப்பினாலும் வரி 90-தான். பதிலும் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான்: “41,299 பெற்றேன்.” ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்பதைப் பிழையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். போனுக்கு அது தோல்வியாகவே படும். மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

நேரத்தையும் நாடியையும் சேர்த்து அடையாளமாக வைத்தால் போதாதா, வரிசை எண் எதற்கு என்று கேட்கலாம். பட்டையின் கடிகாரம் திருத்தப்பட்டால் ஒரே நிமிடம் இரண்டு தடவை வரும். அதனால் நேரத்தை நம்பி அடையாளம் வைக்கக் கூடாது.

அடுத்தது வரிசை. டேட்டாபேஸில் எழுதி உறுதியான பிறகுதான் பதில் போக வேண்டும். வேகத்துக்காக முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதும் ஸ்கிரிப்ட்டை நாம் பார்த்திருக்கிறோம். அந்த இடைவெளியில் சர்வர் மறுதொடக்கம் ஆனால், பட்டை ரசீதை நம்பித் தன் பிரதியை அழித்திருக்கும், சர்வரிடமும் இருக்காது. பணம் வாங்காமலே ரசீது கிழித்துக் கொடுத்த கதை.

கெட்ட பதிவு ஒன்று கட்டுக்குள் வந்தால்? சரிபார்ப்பு எண் பொருந்தாத ஒரு பதிவுக்காக மொத்தக் கட்டையும் 400 (கோரிக்கை தவறு என்பதற்கான இணையப் பதில் எண்) என்று நிராகரித்தால், போன் அதே கட்டைத்தான் மறுபடி அனுப்பும், மறுபடி நிராகரிப்பு. ஒரு கெட்ட பதிவு முன்னால் நின்றுகொண்டு பின்னால் வரும் நூறு நல்ல பதிவுகளையும் அடைத்துவிடும். ஒற்றை வழிப் பாலத்தில் நடுவே நின்றுபோன மாட்டுவண்டி மாதிரி. கெட்டதைத் தனி அட்டவணையில் ஒதுக்கி வைத்து, நல்லதை எழுதி, 200 (சரி) என்று பதில் சொல்லி, எது ஒதுக்கப்பட்டது என்று பட்டியலும் அனுப்புவதே வழி.

புதுசு முதலில், பழசு பிறகு

வெகுநேரம் கழித்து இணைப்பு கிடைத்தால் எதை முதலில் அனுப்புவது? வரிசைப்படி பழசிலிருந்து தொடங்குவதுதான் எழுத எளிது. ஆனால் மகனுக்கு இந்த நிமிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்பதுதான் முதலில் வேண்டும். நேற்றைய மதியம் பிறகு வரட்டும். கடைசி 5 நிமிடத்தை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு பழையதைப் பின்னிருந்து நிரப்புவதே நல்லது என்பது நம் கருத்து.

அப்படிச் செய்தால் “இந்த எண் வரை பெற்றேன்” என்ற எளிய ரசீது செல்லாது. நடுவில் பள்ளம் இருக்கும். உதாரணமாக சர்வரிடம் 41,150 வரை முழுசாக இருக்கிறது, 41,210 முதல் 41,299 வரையும் இருக்கிறது. நடுவில் 41,151 முதல் 41,209 வரை 59 பதிவு இல்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பதிலிலும் இந்தப் பள்ளத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்ல வேண்டும். பட்டை அதைப் பார்த்து அனுப்பும். கேட்ட பதிவு தன்னிடமே இல்லையென்றால் (பேட்டரி தீர்ந்து கிடந்த நேரம் என்று வையுங்கள்) “அது என்னிடம் கிடையாது” என்று பட்டை சொல்லவும் ஒரு வழி வைக்க வேண்டும். மறந்தால் சர்வர் அந்த 59-ஐக் கேட்டுக்கொண்டே இருக்கும், சாகும்வரை.

மறுமுயற்சிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இடைவெளியை 5 நொடி, 10, 20, 40 என்று இரட்டித்துப் போய், 15 நிமிடத்தை எட்டியதும் அதற்கு மேல் கூட்டாதீர்கள். அதோடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குலுக்கல் சேருங்கள். 40 நொடி என்றால் 30 முதல் 50-க்குள் ஏதாவது ஒன்று. கோரிப்பாளையத்தில் கூட்டம் கலைந்து டவர் மூச்சுவிடும் அந்த நொடியில் ஆயிரம் போனும் ஒன்றாகச் சர்வர் கதவைத் தட்டாமல் இருக்கத்தான் இந்தக் குலுக்கல். சர்வருக்கு மூச்சுத் திணறினால் 503 (இப்போது முடியாது) என்ற பதிலோடு ‘இத்தனை நொடி கழித்து வா’ என்றும் சொல்லலாம். ரிட்ரை ஆஃப்டர் என்ற தலைப்புவரி அதற்காகவே இருக்கிறது.

கடிகாரம்

ஒவ்வொரு பதிவுக்கும் அட்டவணையில் இரண்டு நேரம் வேண்டும்: அளந்த நேரம், வந்த நேரம். ஒன்றே போதும் என்று தொடங்கியவர்கள் பின்னால் வருந்துவார்கள். வந்த நேரத்தை மட்டும் வைத்தால் கோயிலின் 90 நிமிட நாடியும் 7.41-க்கு ஒரே குவியலாக நிற்கும்.

பட்டையின் கடிகாரப் படிகம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ளது என்றால் நாளைக்கு சுமார் 1.7 நொடி தவறும். 30 நாளில் 52 நொடி. இது பொறுக்கக்கூடியது. பொறுக்க முடியாதது, பேட்டரி முற்றும் தீர்ந்து எழும்போது பல பட்டைகளில் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போவது. கணினிக் கணக்கில் பூஜ்யம் என்பது 1970 ஜனவரி 1. நம் நேரப்படி காலை 5.30. உங்கள் வரைபடம் திடீரென்று 1970-இலிருந்து தொடங்கினால் காரணம் இதுதான்.

சரிசெய்யும் வழி: புளூடூத்தில் இணைந்த நொடியில் “பட்டையின் கடிகாரம் இவ்வளவு, என் கடிகாரம் இவ்வளவு” என்ற ஜோடியைப் போன் குறித்துக் கட்டோடு அனுப்பட்டும். வித்தியாசத்தைக் கூட்டினால் உண்மை நேரம் கிடைக்கும். சர்வருக்கு வந்த நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. போன் அந்தக் கட்டை மூன்று மணி நேரம் பாக்கெட்டில் வைத்திருந்திருக்கலாம். பட்டை எத்தனையாவது தடவை எழுந்தது என்பதற்கும் ஓர் எண் வைத்து, ஒரே எழுச்சிக்குள் இருக்கும் பதிவுகளுக்கு மட்டும் அந்த வித்தியாசத்தைக் கூட்டுங்கள். இடையில் எழுந்து, போனையே பார்க்காமல் மறுபடி அணைந்த காலத்துப் பதிவுகளுக்கு முன்பின் வரிசை தெரியும், நேரம் தெரியாது. அவற்றுக்கு ‘நேரம் தெரியாது’ என்றே குறியுங்கள். ஊகித்து ஒரு நேரம் போட்டால் அது பிறகு உண்மையோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. வரிசை எண் மட்டும் எந்த நிலையிலும் பூஜ்யத்துக்குத் திரும்பக் கூடாது. அது ஃபிளாஷில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சேமிப்பது உலகப் பொது நேரமான யூடிசியில், காட்டுவது ஐந்தரை மணி கூட்டி. ‘ஒரு நாள்’ என்பதை மட்டும் நம் நள்ளிரவை வைத்தே பிரிக்க வேண்டும். மறந்துவிட்டால் நாள் காலை 5.30-க்கு மாறும். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் காலை 5 மணிக்கு நடக்கத் தொடங்குகிறவரின் முதல் அரைமணி நடை தினமும் முந்தைய நாள் கணக்கில் விழும். யாரும் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் ஓடுகிற பிழை இது. தாமதமான பதிவு எந்த நாளுக்கு வந்து சேர்ந்தாலும் அந்த நாளின் கூட்டுத்தொகையை மறுபடி போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

மௌனத்தைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட்

இனி மொய் மேஜையில் இல்லாத வேலை. பட்டை தன் இணைப்பு போனதைத் தானே சர்வருக்குச் சொல்ல முடியாது; சொல்ல இணைப்பு வேண்டுமே. ஆகவே சர்வர்தான் கவனிக்க வேண்டும். கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட்டை எழுப்புகிறது. அது ஒவ்வொரு பட்டைக்கும் கடைசியாக வந்த நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழிக்கிறது. சாதனங்கள் ஒரு நடுவர் சர்வர் வழியே சிறு செய்திகளை அனுப்பும் எம்க்யூடிடி முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் பாதி இலவசமாகக் கிடைக்கும்: பட்டை முன்பே சொன்ன இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லையென்றால் நடுவர் சர்வர் இணைப்பைத் துண்டித்து, பட்டை முன்பே எழுதிக் கொடுத்து வைத்த ‘கடைசி விருப்பம்’ என்ற செய்தியை வெளியிடும்.

எவ்வளவு நேரத்தில் என்ன செய்வது? தொடங்குவதற்கு இப்படி வைக்கலாம். 15 நிமிடம்: திரையில் கோட்டைச் சாம்பல் நிறமாக்கு, “கடைசியாக 6.10-க்கு” என்று எழுது, வேறொன்றும் வேண்டாம். 2 மணி நேரம்: பட்டை கட்டியவரின் போனுக்கே ஒரு நினைவூட்டல். 4 மணி நேரம்: வீட்டாருக்கு எஸ்எம்எஸ். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, அவரவர் பழக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். கழற்றிவிட்டார், சார்ஜில் இருக்கிறது என்ற இரண்டையும் பட்டை தனிப் பதிவாக அனுப்பினால் பொய் அலாரம் வெகுவாகக் குறையும். “கோயிலுக்குப் போறேன், 2 மணி நேரம்” என்று ஆப்பில் ஒரு பொத்தான் வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் அது தவிர்க்கும் பதற்றம் அதிகம்.

நான்கு இடங்களில் கவனம் வேண்டும். அலாரம் போனதும் ‘அனுப்பியாயிற்று’ என்று குறியுங்கள். இல்லாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒன்றாக மணிக்கு 12 எஸ்எம்எஸ் போகும், ஏழாவதோடு வீட்டார் எண்ணை முடக்கிவிடுவார்கள். நாடி அதிகம் என்ற எச்சரிக்கை, அளந்த நேரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்பு படியேறியபோது 130 அடித்த நாடி இப்போது வந்து சேர்ந்ததற்காக இப்போது மணியடிக்கக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட பட்டைகள் ஒரே பத்து நிமிடத்தில் மௌனமானால் நோய் அவற்றில் இல்லை, உங்கள் சர்வரில். அப்போது வீட்டார் யாருக்கும் எதுவும் போகாமல், பராமரிப்பவருக்கு மட்டும் போகட்டும். கடைசியாக, கிரானே நின்றுபோனால் எல்லாம் அமைதியாக, நன்றாக இருப்பதுபோலவே தெரியும். ஒவ்வொரு முறை ஓடி முடிக்கும்போதும் அது வேறொரு கணினிக்கு ஒரு தட்டு தட்டட்டும். தட்டு வராவிட்டால் அந்தக் கணினி உங்களை எழுப்பட்டும்.

எஸ்எம்எஸ் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். இந்தியாவில் நிரல் வழியே எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதிந்த வாசகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் செய்தி போகாமல் நிற்கக்கூடும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும்கூடத் தனி எழுத்தாக எண்ணப்படுவதால் தமிழ் வாசகம் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும்.

சர்வரால் ஆகாதது

கீழே விழுந்ததைக் கண்டுபிடிப்பது, நாடி ஆபத்தான அளவுக்குப் போனதும் எச்சரிப்பது போன்றவை சர்வருக்காகக் காத்திருக்கக் கூடாது. பட்டையே அதிர வேண்டும், சத்தம் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கும்படி. சர்வர் பின்னால் வந்து சேரும் துணை. அதை முன்னால் நிறுத்தினால், மலையில் சிக்னல் இல்லாத அந்த நிமிடம்தான் விலை கேட்கும். அதேபோல் பட்டை சேமிக்காததைச் சர்வரால் உருவாக்க முடியாது. பள்ளத்துக்கு இரு பக்கமும் இருக்கும் அளவை வைத்துக் கோடு இழுத்து நிரப்பும் வரைபடங்கள் அழகாக இருக்கும். மருத்துவர் பார்க்கப்போகிற கணக்கில் அந்த அழகு வேண்டாம், பள்ளம் பள்ளமாகவே தெரியட்டும்.

கல்லூரி புராஜெக்டுக்காகப் போனே இல்லாமல் சிம் போட்ட பட்டை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிம்800எல் பலகை 2ஜி மட்டும் பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது, ஆகவே அந்த சிம் அதில் வேலை செய்யாது. அனுப்பும் நொடியில் அந்தப் பலகை 2 ஆம்பியர் வரை இழுக்கும். சின்னப் பேட்டரியில் மின்னழுத்தம் சரிந்து பலகை தானே மறுதொடக்கம் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் சிக்னல் கோளாறு மாதிரியே இருக்கும். பேட்டரிக்கு அருகே 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு டவரைத் திட்டலாம். பட்டை நேரே சர்வரோடு எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான இணைய முறையில் பேசுவதாக இருந்தால் கடிகாரம் 1970-இல் இருக்கும்போது சர்வரின் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தோன்றி இணைப்பே கிடைக்காது. முதலில் நேரம், பிறகுதான் பேச்சு. டேட்டா எடுபடாத இடத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் நழுவிப் போய்விடும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் அடங்கும். நம் 12 பைட் பதிவில் 11. முழுக் கணக்கை அதில் அனுப்ப நினைக்காதீர்கள். “இருக்கிறேன், கடைசி எண் இது” என்று ஒன்று போதும்.

இடம் பற்றிப் பயப்பட வேண்டாம். 100 பட்டைக்கு நாளைக்கு 1,44,000 வரி, வருடத்துக்கு 5 கோடியே 25 லட்சம் சொச்சம். மூலப் பதிவை 90 நாள் வைத்துக்கொண்டு, பழையதை மணிக்கணக்குச் சுருக்கமாக மாற்றினால் மாத வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சர்வரே தாங்கும். ஒவ்வொரு பட்டைக்கும் தனி ரகசியச் சாவி கொடுங்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் ஒன்று தொலைந்தாலும் அத்தனையையும் மாற்ற வேண்டிவரும்.

சோதித்துப் பார்க்க

மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை உள்ளே போட்டு மூடி, போனை அடுத்த அறையில் வையுங்கள். மூடி இடுக்கில் சிக்னல் கசிந்தால் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். 90 நிமிடம் கழித்துத் திறந்து, பதிவு அத்தனையும் வந்ததா என்று பாருங்கள். அடுத்து, கட்டு போய்க்கொண்டிருக்கும்போதே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நொடியில். பிறகு எழுதும் நேரத்தில் டேட்டாபேஸை நிறுத்துங்கள். பட்டையின் பேட்டரியை முற்றும் தீரவிட்டு எழுப்புங்கள். கடைசியாக, வேறொரு நாளில், யாராவது அதைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு பஸ்ஸில் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பட்டும். மறுநாள் காலை அந்த ஒரு நாளுக்குரிய வரிகளை எண்ணச் சொல்லி டேட்டாபேஸைக் கேளுங்கள். 1,440 வர வேண்டும். 1,439 வந்தால் காணாமல் போன எண்ணைத் தேடுங்கள். 1,441 வந்தால் யுனிக் கட்டுப்பாடு வைத்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.